கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த வண்டி

அந்த ஏழு சீட்டு வண்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நீ தினமும் போனில் கேட்கிறாய், "எப்படிம்மா இருக்கு?" நானும் தினமும் சொல்கிறேன், "பெருசா இருக்குப்பா." நீ சிரிக்கிறாய். பிரியாவிடம் கேட்டால் "அத்தைகிட்ட கேளுங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். உன் பெரியப்பா மகன் பேச்சிமுத்துவிடமும் கேட்டிருப்பாய். அவன் "பறக்குதுலே தம்பி" என்று சொல்லியிருப்பான். மூன்று பேரும் ஒரே வண்டியில்தான் ஏறினோம். உனக்கு வேண்டியது "சரி, புக்கிங் போட்டுரு" என்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மனம் வரவில்லை. போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய், அதற்குள் உன் பக்கம் சிக்னல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பிரியா படித்துப் பார்த்துவிட்டு இன்றைக்கே போனில் உனக்கு அனுப்புவாள். நம் தெருவில் உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே மாதிரி வண்டிக்கு அலைகிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றேன். சரி என்றாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட அரைகுறைதான். ஆனால் மேலகரத்தில் குற்றாலம் போகிற ரோட்டின்மேல் இட்லிக்கடை வைத்திருக்கிறவளுக்குப் பெரிய வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். எல்லாமே என் கடை வாசலில்தான் வந்து நிற்கின்றன. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். முன்கதவைத் திறந்து இறங்குகிறவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இறங்குவார். நடுக்கதவில் மனைவியும் பிள்ளைகளும். எல்லாரும் இறங்கி, சட்னி வந்து, பாதி இட்லி தீர்ந்த பிறகு, நடு சீட்டு மடங்கும். உள்ளேயிருந்து ஒரு கால் வெளியே வந்து தரையைத் தேடும். அந்தக் கால் அநேகமாக அந்த வீட்டுக் கிழவியுடையது, அல்லது கல்யாணமாகாத அத்தையுடையது, அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த வேலைக்காரப் பெண்ணுடையது. செங்கோட்டை வழியாக மலை இறங்கி வந்த வண்டியாக இருந்தால் அந்த ஆளுக்கு முதலில் தண்ணீர் வேண்டும், இட்லி பிறகுதான். ஒரு வீட்டில் யாருக்கு மதிப்பில்லை என்று தெரிந்துகொள்ள அந்தக் கடைசி வரிசையைப் பார்த்தால் போதும். போன சீசனில் ஒரு அம்மாள் இறங்கவே மாட்டேன் என்றார். தட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். "இறங்கிருவேன் தாயி, திரும்ப ஏத்தி உடும்போது எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்காவ. அதுக்கு இங்கனயே கெடக்கேன்" என்றார். அவருடைய மகன் வெளியே நின்று அந்த வண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

நீ ஏன் இந்த வண்டியைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ என்னிடம் சொன்னதில்லை, ஆனாலும் தெரியும். ஆய்க்குடி முருகன் கோயிலில் உன் பெரியப்பா வீட்டு மொட்டை. நீ அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு வேன் பேசியிருந்தார்கள். நானும் நீயும் உன் அப்பாவும் விடியுமுன்னே குளித்துப் போய் நின்றோம். உன் பெரியம்மா வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எடம் இல்லடி, நீங்க மூணு பேரும் பஸ்ல வந்துருங்க. பாத்திரம் மட்டும் வண்டியில வரட்டும்" என்றாள். நம் வீட்டு அண்டாவை வாங்கிப் பின் சீட்டில் வைத்தார்கள். வேன் கிளம்பியபோது நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அண்டா சீட்டுல உக்காந்து போவுதும்மா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வயலில், கடையில், வட்டாட்சியர் ஆபீசில் எல்லாம் வாய் கிழியப் பேசுகிற மனிதர், சொக்காரப் பங்காளிகள் முன்னால் மட்டும் ஊமையாகிவிடுவார். சாகும்வரை அப்படியே இருந்தார். யாருக்கும் இடம் இல்லை என்று சொல்ல வேண்டியிராத வண்டி ஒன்று உனக்கு வேண்டும். இதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பிரியாவையும் என்னையும் உன் மகள் யாழினியையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போக நீ ஏற்பாடு செய்தது யாரை? அதே பெரியப்பாவின் மகனை. "பேச்சி அண்ணனுக்கு வண்டி பத்தித் தெரியும்மா" என்றாய்.

தென்காசியில் அந்த ஷோரூமுக்குள் நுழைந்ததும் எங்களைக் கவனிக்க வந்தது ஷபானா என்ற பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். தென்காசிக்காரப் பிள்ளைதான், அப்பா துபாயில். நல்ல பொறுமை. பேச்சிமுத்து கேட்ட கேள்விகள் எல்லாம் எஞ்சினைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும். அவள் பதிலை அவனிடம் சொன்னாள், வேறு வழியில்லை. ஆனால் கண் மட்டும் பிரியாவின் பக்கமே இருந்தது. பிரியாவிடம் லைசென்ஸ் இருக்கிறது என்பதை அவள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்ததாம். இந்த ஆறு வருடத்தில் நீ கேட்டாயா? நானும் கேட்கவில்லை. "இவ எங்க ஓட்டப் போறா, வண்டிய நான் பாத்துக்கிடுவேன்" என்றான் பேச்சிமுத்து. வருடத்தில் பெரும்பகுதி நீ பட்டாளத்தில் இருப்பாய். அப்படியானால் வண்டி யாருடையது என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது.

நீ கேட்டாயே, எப்படி இருக்கிறது என்று. சொல்கிறேன். ஏறுவதற்கு முதலில் ஒரு படி, பிறகு ஒரு கைப்பிடி, பிறகு ஒரு வேண்டுதல். முன் சீட்டில் உட்கார்ந்தால் மாடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று பிரியா சொன்னாள். நடு வரிசை மெத்தை, குறை சொல்ல முடியாது. கடைசி வரிசையில் நான் உட்கார்ந்தேன். "சித்தி, நீங்க பின்னால ஏறிக்கோங்க" என்று பேச்சிமுத்து சொன்னான், அவ்வளவு இயல்பாகச் சொன்னான். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. ஜன்னல் இருக்கிறது, திறக்காது. முன்னால் பார்த்தால் நடு சீட்டின் தலைமெத்தை மட்டும்தான், அதற்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கடைசி வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் ஒரு அரிசிப் பை நிற்காது. ஏழு பேர் போகலாம், அந்த ஏழு பேருடைய துணிமணி போக முடியாது. குளிர்காற்று பின்னால்வரை வருகிறது, அதைச் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் ஊதி நிற்கிற காற்றுப்பை கடைசி வரிசைக்கு உண்டா என்று கேட்டேன். ஷபானா கொஞ்சம் தயங்கி, "அது மேல் மாடல்லதான்மா வருது. சார் கேட்டிருக்கது நடு மாடல்" என்றாள். உயிருக்கும் மேல் மாடல் கீழ் மாடல் வைத்திருக்கிறார்கள் பார். நடு மாடலில் அது இல்லை, ஆனால் கூரை திறக்கிறது. பேச்சிமுத்து அதைத் திறந்து காட்டி, "சித்தி, அருவிக்குப் போகும்போது பாப்பா இதுல தலைய நீட்டிட்டு நிக்கலாம்லா" என்றான்.

"ஏலே, நேரா மேலோகம் போறதுக்கா வழி வச்சிருக்கான்?" என்றேன்.

ஷபானா சிரித்துவிட்டாள். பேச்சிமுத்து சிரிக்கவில்லை.

பிறகு ஓட்டிப் பார்க்க ஒரு வண்டியை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இனி எழுதப்போவதைத்தான் நாங்கள் மூன்று பேரும் உன்னிடம் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாழினிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டிருக்கிறாள். பதறாமல் படி.

பேச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தான். வரும்போதே வாங்கிவந்திருக்கிறான். "அண்ணாச்சி, இது ஓட்டிப் பாக்கற வண்டிதான். டெலிவரி அன்னைக்குத்தான் பழம் வைப்போம்" என்றாள் ஷபானா. "எந்த வண்டியா இருந்தா என்னம்மா? எங்க வீட்டுப் பிள்ளை ஏறுதுல்லா. பழம் நசுங்காம நான் ஸ்டேரிங்கத் தொட மாட்டேன்" என்று குனிந்து, முன்சக்கரம் இரண்டின் அடியிலும் ஒவ்வொன்றாக வைத்தான். யாழினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பழம் செத்துப் போயிருமா பெரியப்பா?" என்று கேட்டாள். "அது செத்தாத்தான் நாம நல்லா இருப்போம்" என்றான். பிறகு அவளைத் தூக்கி நடு வரிசையில் தனியாக உட்காரவைத்து, "ராணியம்மாவுக்குத் தனி சிம்மாசனம்" என்றான். பிரியா முன்னால் அவன் பக்கத்து சீட்டில். நான் கடைசி வரிசையில். ஷபானா நடு வரிசையில் ஏறுவதற்காக இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முற்றத்துக் கேட்டைத் திறக்கப் போனாள்.

அந்தக் கதவு வழியாகப் பிள்ளை இறங்கிவிட்டாள். பழம் சாகக் கூடாதாம். எடுக்கப் போயிருக்கிறாள்.

பிரியா திரும்பிப் பார்க்கவில்லை, பிள்ளை ஆச்சியோடு பின்னால் இருக்கிறாள் என்று நினைத்தாள். நான் தலைமெத்தைக்கு மேலே எட்டிப் பார்த்தேன், பிள்ளையின் தலை தெரியவில்லை, அம்மா மடிக்குத் தாவிவிட்டாள் என்று நினைத்தேன். சின்னக் கார் என்றால் இந்தக் குழப்பமே வராது. ஆட்டோவில் வராது. பஸ்ஸில்கூட வராது, கண்டக்டர் கத்திவிடுவார். இந்த வண்டிக்குள் முன்னால் இருக்கிறவளுக்கும் பின்னால் இருக்கிறவளுக்கும் நடுவில் ஒரு வீட்டு அறை அளவு இடைவெளி, அதில் ஒரு பிள்ளை காணாமல் போக முடிகிறது. பேச்சிமுத்து எஞ்சினைப் போட்டதும் வண்டி கத்த ஆரம்பித்தது. பெல்ட் போடவில்லை என்று ஒரு சத்தம். கதவு திறந்திருக்கிறது என்று ஒரு சத்தம். அதற்கு மேல் விடாமல் இன்னொரு சத்தம், முன்னால் ஏதோ இருக்கிறது என்று. "இது ஏன் இப்படிக் கத்துது?" என்றாள் பிரியா. பேச்சிமுத்து என்ன சொன்னான் தெரியுமா? "எலுமிச்சம்பழத்தப் பாத்துக் கத்துதும்மா. இங்கிலீஷ்காரன் வண்டி, அதுக்கு நம்ம சாங்கியம் எங்க தெரியும்?" என்று சொல்லி, திரையில் எதையோ தொட்டு அந்தச் சத்தத்தை அணைத்தான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

ஷபானா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிவந்து இரண்டு கையாலும் முன்பக்கத்தில் அறைந்தாள். வண்டி குலுங்கி நின்றது. நான் நடு சீட்டை மடக்கத் தெரியாமல், அந்த வரிசைக்குள் மாட்டிக்கொண்டு, "என்ன, என்ன" என்று கத்திக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை, ஐயா. பிரியா குதித்து இறங்கி முன்னால் போய்ப் பார்த்தபோது, பிள்ளை இடது சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பழம். வலது பக்கத்துப் பழம் நசுங்கிக் கிடந்தது. "இதை மட்டும் காப்பாத்திட்டேம்மா" என்றாளாம்.

ஒரு கை அகலம் வண்டி நகர்ந்திருக்கும். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அடுத்து நடந்ததை மட்டும் நீ சரியாகக் கேட்டுக்கொள். பேச்சிமுத்து இறங்கினான், முகம் வெளுத்திருந்தது, உண்மைதான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை ஷபானாவைப் பார்த்து. "கதவ ஒழுங்கா சாத்த மாட்டியா? உன்னை எவன் வேலைக்கு வச்சது?" என்றான். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண்ணை உள்ளே போகச் சொன்னார். உள்ளங்கை சிவந்து அவள் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைக் காப்பாற்றியவள் அவள். திட்டு வாங்குகிறவளும் அவள். நம் ஊரில் தப்பு என்பது தண்ணீர் மாதிரி, எங்கே பள்ளமோ அங்கே போய் நிற்கும். எனக்கு அதற்குள் மடக்கு சீட்டிலிருந்து விடுதலை கிடைத்திருந்தது. "ஏலே பேச்சி, கதவு திறந்திருக்குன்னு வண்டியே கத்திச்சு. ஆளு நிக்குன்னும் கத்திச்சு. வாயை மூடுன்னு சொன்னது நீ. அந்தப் பிள்ளை மேல ஒரு சொல்லு விழுந்துச்சு, இங்கனயே உன் மானம் போயிரும்" என்றேன். மேனேஜரிடம், "இவ இல்லன்னா இன்னைக்கு உங்க முத்தத்துல ரத்தம் கெடந்திருக்கும். எங்களுக்கு வண்டி காட்டுறதுன்னா இவதான் காட்டணும்" என்றேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். பேச்சிமுத்து, "சித்தி, ஊரு முன்னால இப்படியா பேசுவிய?" என்றான். அதுதான் அவன் கவலை.

நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பிரியா போகவில்லை. பிள்ளையைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னிடம் கொடுத்துவிட்டு, "சாவியத் தாங்க அத்தான்" என்று கையை நீட்டினாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. அவனும் கொடுத்துவிட்டான். ஓட்டுகிறவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமல், "அத்தை, பாப்பாவக் கையப் பிடிச்சிட்டு வண்டிக்கு முன்னால வந்து நில்லுங்க" என்றாள். நின்றேன். "உங்களத் தெரியுது. பாப்பா எங்க?" என்றாள். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நேர் எதிரே நிற்கிறாள். "ஒரு அடி பின்னால போங்க." போனேன். "இன்னும்." போனேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. நம் கடையில் அடுப்படியிலிருந்து வாசல்வரை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் பின்னால் போன பிறகுதான், "இப்ப ரிப்பன் தெரியுது அத்தை" என்றாள். ரிப்பன். முகம்கூட இல்லை. யாழினி இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, "அம்மா, இப்பப் பிடி!" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வாங்கப் போகிற எவனும் இதைச் செய்து பார்ப்பதில்லை. எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு இழுக்கும், என்ன நிறம் என்று பார்க்கிறான். எதிரே நிற்கிறவன் தெரிகிறானா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. ஏனென்றால் இந்த வண்டியை வாங்குவதே எதிரே நிற்கிறவனைப் பார்க்காமல் போவதற்குத்தான். இது கடுமையாக இருக்கும், இருக்கட்டும். என் கடை வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய வண்டி ஓரத்தில் நின்ற ஆட்டோவைப் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போய் நின்றது. இறங்கியவன் தன் வண்டியில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான் தடவிப் பார்த்தான். கைகூப்பியது யார் தெரியுமா? ஆட்டோக்காரர். "தெரியாம நிறுத்திட்டேன் சார்" என்றார். நின்றிருந்த ஆட்டோ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்ததும் கீழே நிற்கிறவனுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. நீயும் நானும் அந்த ஆட்டோவின் பக்கம் நின்றவர்கள்தான். அண்டா சீட்டில் போக, பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

ஷபானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியா குற்றாலம்வரை ஓட்டினாள். நடு வரிசையில் நானும் பிள்ளையும். பேச்சிமுத்துவைக் கடைசி வரிசையில் ஏற்றினோம். முதலில் ஏறமாட்டேன் என்றான். "அப்ப பஸ்ல வந்துரு" என்றேன், ஏறிவிட்டான். அவள் நன்றாக ஓட்டுகிறாள். ஹாரனைத் தொடவே இல்லை. சாரல் விழுந்து கண்ணாடி மங்கியதும் ஓரம் கட்டி, ஷபானாவிடம் கேட்டு, எந்தப் பொத்தான் என்று தெரிந்துகொண்டு பிறகுதான் எடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், வண்டி நல்ல வண்டி. பள்ளத்தில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியவில்லை. மேட்டில் முனகாமல் ஏறுகிறது. நடு வரிசையில் எனக்குத் தூக்கம் வந்தது. பின்னாலிருந்து, "யம்மா, கொஞ்சம் மெதுவாப் போ, குடலைப் பிரட்டுது" என்று சத்தம் வந்தது. "அத்தான், கண்ணை மூடிக்கோங்க" என்றாள் பிரியா. ஷபானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

திரும்பும்போது நம் தெருவுக்குள் கொண்டுவரச் சொன்னேன். தெருமுனையில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் ஒருவழியாக நுழைந்தது. நம் வாசலில் நிறுத்தினால் எதிர்வீட்டு வாசற்படி அதன் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அந்த நேரத்துக்குத் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்று உனக்குத் தெரியும். சாக்கடைப் பலகைமேல் இரண்டு, நடுத்தெருவில் கோலி ஆடுகிறவர்கள், மற்ற நாளில் நம்முடையதும் ஒன்று. வண்டியைக் கண்டதும் எல்லாம் ஓடிவந்து அதன் முன்னால்தான் நின்றன. பிரியா எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் தள்ளிப் போற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன் அத்தை" என்றாள். நானும் ஷபானாவும் இறங்கி, ஒவ்வொரு பிள்ளையாகச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். அப்புறம்தான் எடுத்தாள். தினமும் இப்படிச் செய்ய முடியுமா? அவள் செய்வாள். வேறு யாராவது செய்வார்களா?

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரியா, "அவங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம் அத்தை. அங்கன தனியாக் கெடந்து அதையே நினைச்சிட்டு இருப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளை அடுக்களையைவிட்டு வெளியே போனால் "எங்க, எங்க" என்று கரண்டியோடு பின்னால் ஓடுகிறாள். இப்படியே போனால் ஆகாது என்றுதான் அவளிடம் பேசி, சம்மதம் வாங்கி எழுதுகிறேன். பேச்சிமுத்துவும் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். அவன் காரணம் வேறு. "தம்பிக்கு மனசு மாறிரும்லா" என்றான்.

ஏன் உன் மனம் மாறக் கூடாது என்று அவனுக்கு இவ்வளவு அக்கறை? யோசித்துப் பார். அவன் கெட்டவன் இல்லை. உன் அப்பா இறந்தபோது எல்லாக் காரியத்திலும் முன்னால் நின்றான், மறக்கமாட்டேன். ஆனால் அவனுக்கு ஒரு பெரிய வண்டி வேண்டும், வாங்க வக்கில்லை, நீ வாங்குகிறாய். வருடா வருடம் தலைவர் நினைவு நாள் என்று நம் ஆட்கள் கொடி கட்டிக்கொண்டு வரிசையாகப் போகிறார்களே, அதில் முதல் வண்டியாகப் போக அவனுக்கு ஆசை. எதற்குப் போகிறார்கள் என்று உனக்கும் தெரியும். மற்றவன் தெருவில் மெதுவாகப் போய், அவன் வாசலில் நின்று ஹாரன் அடிப்பதற்கு. பதிலுக்கு ஒரு கல் வந்தால் ஒரு வருடத்துக்கு ஊர் எரியும். நீ அங்கே எல்லா ஊர்க்காரனோடும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறாய், ஒரே கூடாரத்தில் படுக்கிறாய். இங்கே உன் பெயரில் பதிவான வண்டி யார் வாசலிலோ உறுமிக்கொண்டு நிற்கும். ஏதாவது ஆனால் போலீஸ் தேடுவது வண்டியின் சொந்தக்காரனை. உன் வேலை போகும். அதைவிட, கூரை திறக்கிற அந்த வண்டியின்மேல் எவன் பிள்ளையாவது கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதுவும் எனக்குக் கண்ணில் வருகிறது. இப்போதெல்லாம் எல்லாம் கண்ணில் வருகிறது.

கேட்டால் கொடுக்காமல் இருக்க நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. சொக்காரன் கேட்டால் வண்டியைக் கொடுக்க வேண்டும், சும்மாதானே நிற்கிறது என்பார்கள். அவர்கள் வேனில் நமக்கு இடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமில்லை. நம் வண்டியில் அவர்களுக்கு இடம் இல்லை என்று சொன்னால் உலகம் இடிந்துவிடும். இதில் உன் அப்பா ஊமை. நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று பயப்படுகிறேன். போன முறை நீ லீவில் வந்தபோது உன் பைக்கைப் பேச்சிமுத்து எடுத்துக்கொண்டு போனான், நீ பஸ்ஸில் உன் மாமனார் வீட்டுக்குப் போனாய்.

என் முடிவை எழுதுகிறேன். வாங்க ஆசையாக இருந்தால் வாங்கு. கடைசி வரிசைக்கும் காற்றுப்பை உள்ள மாடல், இல்லையென்றால் அந்த வரிசையே இல்லாத, சின்ன வண்டி. பிரியாவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, முன்னால் நிற்கிற பிள்ளை தெரியும் என்கிறாள். ஷபானாவும் அதைத்தான் சொன்னாள், விற்கிறவள் அப்படிச் சொன்னது ஆச்சரியம்தான். எதுவாக இருந்தாலும் சாவி பிரியா கையில். ஓட்டுவது அவள். நீ லீவில் வந்தால் அவளிடம் கேட்டு ஓட்டு. பேச்சிமுத்து ஏறலாம், இறங்கலாம், ஸ்டேரிங்கைத் தொடக் கூடாது. இதை நான் சொன்னால் சித்திக்கு வயதாகிப் புத்தி பேதலித்துவிட்டது என்பான். பிரியா சொன்னால் வந்தவள் குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்வான். நீதான் சொல்ல வேண்டும், உன் வாயால், அவன் காதில் விழும்படி.

அவன் தினமும் காலையில் கடைக்கு வந்து, "சித்தி, புக்கிங் போட்டாச்சா?" என்று கேட்கிறான். நேற்று, "பின் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் சொல்லியாச்சு" என்றான். என்ன ஸ்டிக்கர் என்றேன். "நம்ம தலைவர் படம். கீழ 'பட்டாளத்தான் வண்டி'ன்னு." அவ்வளவு சந்தோஷம் அவன் முகத்தில். "என் மகன் பேசுவாம்லே" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டேன். நாளைக்கும் வருவான். அதற்கு முன்னால் நீ அவனுக்குப் போன் போட்டுப் பேசியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான் என்றால், நீ பேசவில்லை என்று தெரிந்துகொள்வேன். வண்டி வேண்டாம் என்று ஷபானாவிடம் சொல்லிவிடுவேன், அதன் பிறகு இந்தப் பேச்சை எடுக்காதே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வடை வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தான் என்றால், இலையில் இரண்டு வடை கூடுதலாக வைத்து அவனைச் சாப்பிட வைத்துவிட்டு, புக்கிங் போட பிரியாவை ஷோரூமுக்குக் கிளம்பச் சொல்கிறேன்.